பின்பக்க வரவும் ஓர் அஷ்டமியும்: சிவில் கோர்ட் மேசையிலிருந்து

மே மாத விடுமுறை முடிந்து சிவில் கோர்ட் திறக்கிற அன்று ஃபைலிங் மேசை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், ரேஷன் கடையில் பொங்கல் பரிசு கொடுக்கிற நாள் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கோர்ட் மூடியிருக்கும்போது காலக்கெடு முடிகிற வழக்கைத் திறக்கும் முதல் நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று காலவரையறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் ஒரு மாதத்துப் பாரமும் ஒரே நாளில் வந்து இறங்கும். அப்படி ஒரு ஜூன் மாதம், கூட்டம் கலைந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை, பலாப்பழ மொத்த வியாபாரி ஒருவர் வக்கீல் குமாஸ்தாவோடு சாவகாசமாக வந்தார். எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு புரோநோட்டு, அதாவது கடன்பட்டவர் எழுதிக் கொடுத்த கடன் உறுதிச் சீட்டு. வழக்குப் போட எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம் கெடு, அது மே மூன்றாம் வாரத்திலேயே முடிந்திருந்தது.

"நேத்தே வந்திருக்கலாமே அய்யா" என்றேன்.

"நேத்து அஷ்டமிம்மா. பணம் வரவேண்டிய காரியத்துக்கு அஷ்டமியில யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?"

குமாஸ்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமையே பிராது, அதாவது வழக்கு மனு, தயாராக இருந்ததாம். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அப்பீலுக்கோ மனுவுக்கோ நாள் கடந்துவிட்டால், காரணம் சொல்லி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுப் போடலாம். அசல் வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு நாள் போனாலும் போனதுதான். பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "லேட்டானா என்ன, டிலே பெட்டிஷன் போட்டா போச்சு" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி வருவார்கள்.

அவருக்கு ஏதாவது வழி இருக்குமா என்று நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் "வரவு ரூ.5,000" என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தேதி. எனக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. கெடு முடிவதற்குள் கடனில் ஒரு பகுதியைக் கட்டி, அதைக் கடன்பட்டவர் தன் கையால் எழுதியிருந்தாலோ, எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாலோ, அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும்.

"இது யார் கையெழுத்துங்க?"

"நான்தான்மா எழுதிவச்சேன். மறந்துடக் கூடாதுன்னு."

கடன்பட்டவர் கையெழுத்து எங்கே என்று கேட்டதற்கு, "நம்ம பயதானே, அவன்கிட்டப் போய்க் கையெழுத்துக் கேட்டா நல்லாவா இருக்கும்" என்றார். நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். குறிப்பு எழுதி நீதிபதி முன் வைத்தேன். பிராது நிராகரிக்கப்பட்டது.

1991-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி, நீதித்துறை அமைச்சுப் பணிக்குத் தட்டச்சராக வந்தவள் நான். கடலூர் மாவட்டத்தில் பல ஊர் கோர்ட்டுகளைச் சுற்றி, நகல் பிரிவு, ஃபைலிங், பெஞ்ச் கிளார்க், தலைமை எழுத்தர் என்று ஏறி, கோர்ட் அலுவலகத்தின் தலைமை ஊழியரான சிரஸ்தாராக ஓய்வு பெற்றேன். கீழே சொல்லும் சம்பவங்கள் எந்த ஊர் கோர்ட்டில் நடந்தன என்று எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் எதிரே வருகிறார்கள்.

சென்னையில் சிறு வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. எங்கள் பக்கம் சின்னத் தொகைக்கும் சின்னத் தகராறுக்கும் கீழ்நிலை சிவில் கோர்ட்டான முன்சீப் கோர்ட்தான். கைமாற்று, சீட்டுப் பணம், வாடகை பாக்கி, வேலி ஓரம் இரண்டடி, பொதுப்பாதை, கூரைத் தண்ணீர் எங்கே விழுவது என்பதெல்லாம் அங்கேதான் வரும். 'சின்ன வழக்கு' என்று சட்டப் புத்தகம் சொல்லலாம். வழக்காடுகிறவருக்கு அது சின்னது இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்: 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்குக்கு உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீடு கிடையாது. "ஹைகோர்ட் வரைக்கும் போவேன்" என்று வராண்டாவில் சவால் விடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது.

புரோநோட்டுப் பேச்சு வந்ததால் ஸ்டாம்ப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேறு பல ஆவணங்களில் முத்திரைக் கட்டணம் குறைந்திருந்தால் பற்றாக்குறையையும் அபராதத்தையும் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்த வழி இல்லை. எழுதும்போதே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு ஒட்டினாலும் பயனில்லை, அபராதம் கட்டுகிறேன் என்றாலும் பயனில்லை, அது சான்றாவணமாக ஏறாது. ஒட்டினால் மட்டும் போதாது, மறுபடி பயன்படுத்த முடியாதபடி அதை ரத்து செய்திருக்க வேண்டும். அதற்குத்தான் கையெழுத்து பாதி ஸ்டாம்ப் மேலும் பாதி காகிதத்திலும் விழுகிற மாதிரி போடுவது. ஸ்டாம்ப்பை ஓரமாக ஒட்டிவிட்டுக் கீழே அழகாகக் கையெழுத்து வாங்கிய நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நோட்டு போனாலும் கடனை வேறு விதமாக நிரூபிக்க முடியுமா என்பது வக்கீல் பாடு. முடியும் வழக்கும் உண்டு, முடியாததும் உண்டு.

பிராது ஃபைலிங் மேசைக்கு வந்தவுடன் அதற்கு எண் கிடைத்துவிடாது. முதலில் படிப்போம். சொத்து வழக்கு என்றால் புல எண், நான்கெல்லை, அளவு இருக்கிறதா, பழைய சர்வே எண்ணை மட்டும் போட்டுப் புதிய உட்பிரிவை விட்டிருக்கிறார்களா, கோர்ட் ஃபீ சரியா, பிரதிவாதிகளின் எண்ணிக்கைக்கு நகல் இருக்கிறதா, அசல் ஆவணம் இருக்கிறதா, பக்க எண் போட்டிருக்கிறதா. குறை இருந்தால் குறிப்பெழுதித் திருப்புவோம். இதைத்தான் 'ரிட்டன்' என்கிறோம். ரிட்டன் என்றால் வழக்கு தள்ளுபடி என்று அர்த்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் "உன் கேஸைத் தூக்கிக் கடாசிட்டாங்களாமே" என்று சிரித்ததாக ஒரு பெண்மணி அழுதுகொண்டே வந்தார். நான்கெல்லையில் மேற்கு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் திருத்தித் திரும்பப் போடுவதற்கு ஒரு கெடு கொடுப்போம். அதைக் கோட்டைவிட்டால் அதற்கொரு தாமத மனு, அதற்கொரு வாய்தா. ரிட்டன் ஆன கட்டு வக்கீல் ஆபீஸ் பீரோ மேல் ஆறு மாதம் தூங்கியதெல்லாம் உண்டு. "நம்பர் ஆயிடுச்சா?" என்று கட்சிக்காரர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கேட்பதில் தப்பே இல்லை.

கோர்ட் ஃபீ முன்பு பெரிய பயமாக இருந்தது. பண வழக்குக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாய். 2017-ல் அதை மூன்றாகக் குறைத்தார்கள். எண்பதாயிரத்துக்கு ஆறாயிரம் கட்ட வேண்டிய இடத்தில் இப்போது 2,400. அதற்கு முன் கோர்ட் ஃபீ புரட்ட முடியாமலேயே கெடு தாண்டிப் போன நோட்டுகள் எத்தனையோ.

நம்பர் ஆன பிறகு சம்மன். ஒரு வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பதை முதல் பக்கத்து முகவரியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம் என்பார் எனக்கு வேலை பழக்கிய தலைமை எழுத்தர். "முருகன், மெயின் ரோடு" என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு தெருவுக்கு நாலு முருகன். தகப்பனார் பெயர், கதவு எண், எந்தக் கோயிலுக்குப் பக்கம், என்ன தொழில், மாற்று முகவரி இவை இருந்தால் சம்மன் கொண்டுபோகிறவர் ஒரே நடையில் முடித்துவிடுவார். இல்லையென்றால் "மேற்படி முகவரியில் மேற்படி நபர் இல்லை" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு திரும்பி வருவார். திரும்ப பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டி, திரும்ப சம்மன், திரும்ப ஒரு வாய்தா. கடைசியில் பத்திரிகை விளம்பரம் கொடுக்க உத்தரவு வாங்க வேண்டும். அந்தச் செலவு சில வழக்குகளில் கேட்கிற தொகையில் பாதிக்கு வந்துவிடும்.

கடலூருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு, புதுச்சேரி எல்லை. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி வடக்கே கொஞ்சம் போனால் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி. பாகூர் பக்கம் போனால் நம் ஊரும் அவர்கள் ஊரும் சீட்டுக்கட்டுக் கலைத்த மாதிரி கிடக்கும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். ஆனால் கடலூர் கோர்ட் சம்மனை எங்கள் ஆள் நேராக எடுத்துப்போய் அங்கே கொடுக்க முடியாது. அங்குள்ள கோர்ட்டுக்கு அனுப்பி, அவர்கள் சார்வு செய்து (உரியவரிடம் சேர்ப்பித்து), திரும்ப வர வேண்டும். இரண்டுக்கும் மேலே ஒரே சென்னை உயர் நீதிமன்றம்தான், ஆனாலும் தபால் போகிற வழி அதுதான். முகவரியில் 'கடலூர் மாவட்டம்' என்று தப்பாகப் போட்டுவிட்டால் போய்ச்சேராமல் வரும், அது ஒரு சுற்று. பிரதிவாதியின் ஊர் எந்தப் பக்கம் என்பதை அவருடைய ரேஷன் கார்டு எந்த அரசாங்கத்துடையது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். சொத்து அந்தப் பக்கம் என்றால் ஜெயித்த பிறகு தீர்ப்பாணையையும் அங்கே அனுப்பித்தான் நிறைவேற்ற முடியும். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரம் ஒன்று வந்தது. சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், வாங்கிய மனை. மொழிபெயர்ப்பு வந்து சேர்வதற்குள் நீதிபதியே மாற்றலாகிவிட்டார்.

சம்மன் வாங்காமல் ஒளிந்துகொண்டால் வழக்கு நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருவார்கள். வீட்டில் இருக்கிற வயது வந்த குடும்பத்தார், பெண்கள் உட்பட, யார் வாங்கினாலும் சில சமயம் அதுவே போதும். வழக்கு நடக்கும், அவர் இல்லாமல் நடக்கும், அவ்வளவே. வாங்கிக்கொண்டு வந்து எதிருரை போடுவதற்கு முப்பது நாள், கோர்ட் அனுமதித்தால் தொண்ணூறு நாள் வரை இருக்கிறது. ஒளிந்தவருக்கு அதுவும் இல்லை.

இனி என் தப்பு.

பெஞ்ச் கிளார்க்காக இருந்த நேரம். காலை பத்தரை மணிக்கு டவாலி ஒவ்வொரு பெயராக மூன்று தடவை கூப்பிடுவார். அறுபது எழுபது கட்டு மேசை மேல் அடுக்கியிருக்கும். நீதிபதி ஒரு தேதி சொல்வார், நான் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக் கட்டின் மேலே எழுதிக்கொண்டே அடுத்த கட்டை எடுப்பேன். சாயங்காலம் கட்டுகளைப் பார்த்துத்தான் டயரியில் ஏற்றுவது. ஒரு நாள் ஓர் ஆயாவின் வழக்கு. எழுபது வயதுக்கு மேல், பிரதிவாதி, பக்கத்துக் கொல்லைக்காரர் வேலி ஓரம் இரண்டடி தன்னுடையது என்று போட்ட வழக்கு. ஜூலை 17 என்று நீதிபதி சொன்னார். நானும் 17 என்றுதான் சொன்னேன். ஆயாவின் வக்கீலும் 17 என்றுதான் குறித்துக்கொண்டார். கட்டில் நான் அவசரத்தில் கிறுக்கிய 7, தலை இல்லாமல் 1 மாதிரி நின்றது. சாயங்காலம் என் கையெழுத்தை நானே 11 என்று படித்து டயரியில் ஏற்றினேன்.

11-ஆம் தேதி வழக்கைக் கூப்பிட்டார்கள். வாதி தரப்பு வக்கீல் வேறொரு வழக்குக்காக வந்திருந்தவர், இருந்தார். ஆயா தரப்பில் யாரும் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டு, ஒருதலைப்பட்சம் என்று உத்தரவாகிவிட்டது. 17-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கே ஆயா வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. மதியம் வரை பெயரைக் கூப்பிடாததால் உள்ளே வந்து, "என் பேரு வரலியே தாயி" என்றது. கட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. அடிவயிறு கலங்கிவிட்டது.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, வாயை மூடிக்கொண்டு "மனுப் போடச் சொல்லு" என்று வக்கீலிடம் அனுப்பிவிடுவது. பழைய ஆள் ஒருவர் அதைத்தான் சொன்னார், "பெர்சனல் ஃபைல்ல ஏறிடும்மா." நான் மதிய இடைவேளையில் சேம்பருக்குப் போய் நீதிபதியிடம் கட்டையும் டயரியையும் வைத்து நடந்ததைச் சொன்னேன். இதைச் சொல்வதால் நான் பெரிய சத்தியவதி என்று நினைக்க வேண்டாம். ஆயா கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியில் பழைய சோறு புளித்த வாசனை அறை வரைக்கும் வந்துகொண்டிருந்தது, அதுதான் என்னைக் கிளப்பியது. நீதிபதி கொஞ்ச நேரம் பேசவில்லை. "மனுப் போடட்டும், குறிப்பில் நடந்ததை எழுதுங்கள்" என்றார். தீர்ப்பு சொல்வதற்கு முன்பே என்பதால் அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்பது சுலபமாக இருந்தது, செலவுத்தொகை இல்லாமல் அனுமதித்தார். எனக்கு எழுத்துமூலம் ஒரு விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன்.

அன்றிலிருந்து 7-க்குக் குறுக்கே ஒரு கோடு போடுகிறேன். பால் கணக்கு நோட்டில்கூட. மாதத்தை எழுத்தில் எழுதுவேன். வக்கீல் பக்கத்தில் இல்லாத கட்சிக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டில் வழக்கு எண்ணும் தேதியும் எழுதிக் கொடுக்கும் பழக்கமும் அப்போது வந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சீட்டு, பழைய காஸ் லிஸ்ட்டின் (அன்றாட வழக்குப் பட்டியலின்) பின்பக்கத்தைக் கிழித்து.

இப்போது அந்தச் சீட்டுக்கு வேலை குறைவு. ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்கத்தில் சி.என்.ஆர். எண் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, போன தடவை என்ன நடந்தது எல்லாம் வரும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதிலும் ஏற்றுவது என்னைப் போன்ற ஒரு கைதான். வாய்தா அன்று காதில் கேட்ட தேதியும் செயலியில் ஏறிய தேதியும் ஒன்றா என்று மறுநாள் ஒரு தடவை பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றே வக்கீலிடம் சொல்லுங்கள், பத்து நாள் கழித்து அல்ல. எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதலைப்பட்சமாக, தீர்ப்பே ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க முப்பது நாள் இருக்கிறது.

இந்த முப்பது நாள் கணக்கில் இன்னொரு சூட்சுமம். மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போவதற்கும் முப்பது நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகிற நாளைக் கழித்துக்கொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நகல் மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கழிப்பார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தீர்ப்பாகி இருபத்தெட்டாம் நாள் நகல் மனுப் போட்டால் கையில் மிஞ்சுவது இரண்டு நாள். நகல் பிரிவில் இருந்தபோது நான் தட்டிய தட்டச்சில் பாதி, கடைசி வாரத்தில் ஓடிவந்தவர்களுக்காகத்தான்.

"அம்மா, ஜெயிக்குமா?" என்ற கேள்வி தினமும் வரும். பதில் சொல்லக் கூடாது, சொல்லவும் தெரியாது. எந்த மேசைக்குப் போக வேண்டும், எந்த மனு, எவ்வளவு கட்டணம், அடுத்த தேதி என்ன, இவை எங்கள் எல்லை. "இப்படி எழுதுங்க, இதைச் சொல்லாதீங்க" என்பது எங்கள் எல்லைக்கு வெளியே. நல்ல மனசோடு அந்தக் கோட்டைத் தாண்டி, எதிர்த்தரப்புக்குத் தெரிந்து, மேலதிகாரி வரைக்கும் போன சக ஊழியர் ஒருவர் உண்டு. ஆகவே கோர்ட் ஊழியர் வாயைத் திறக்கவில்லை என்றால் திமிர் என்று நினைக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். புயல், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாகப் பார்த்த மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டப்பிரிவு வேறு இல்லை.

தீர்ப்பு கிடைத்த அன்றே பணம் வந்துவிடும் என்று நினைத்துப் பையோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிராளி தானாகக் கொடுக்கவில்லை என்றால் நிறைவேற்று மனு, அதாவது இ.பி. போட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வருடம் வரை அவகாசம். ஆனால் எதை ஜப்தி செய்வது என்று சொல்ல வேண்டியது ஜெயித்தவர்தான், கோர்ட் தேடிக் கண்டுபிடிக்காது. சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரத்தையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 31,000 வாங்குகிறவரிடம் மாதம் 10,000 வரை பிடிக்கலாம். சமைக்கிற பாத்திரம், படுக்கை, உடுத்தும் துணி, தாலி, உழுகிற மாடு, விதைநெல், கைத்தொழில் செய்கிறவரின் கருவி இவற்றில் கைவைக்க முடியாது. ஒரு தச்சர் வீட்டுக்கு ஜப்திக்குப் போன அமீனா, இழைப்புளியையும் உளியையும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு வந்தார். பணம் வரவேண்டியவர் கோர்ட் வாசலில் நின்று, "அது ஒண்ணுதான் அந்த வீட்ல காசு பெறும், அதை விட்டுட்டு வந்துட்டாரு" என்று கத்தினார். இரண்டு பேர் பக்கமும் எனக்கு நியாயம் தெரிந்தது. வழக்குப் போடும் முன்பே எதிராளிக்கு என்ன சொத்து, புல எண் என்ன, வில்லங்கம் இருக்கிறதா, எங்கே வேலை என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். மூன்று வருடம் கழித்து இ.பி. போடும்போது அந்த ஒரு தாள் பத்து வாய்தாவை மிச்சப்படுத்தும்.

வட்டிக்காக இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று: நோட்டில் என்ன வட்டி எழுதியிருந்தாலும், தீர்ப்புத் தேதிக்குப் பிந்தைய வட்டி, வியாபாரக் கடனாக இல்லாதவரை, நூற்றுக்கு ஆறுக்கு மேல் போகாது. இதைக் கேட்டதும், சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு ஒத்துக்கொண்டவர்கள் உண்டு. டிராக்டர் வாடகை 46,000 பாக்கி என்று வந்த ஒரு வழக்கு, ஒரு சனிக்கிழமை முற்பகலில் 38,000-க்கு முடிந்தது, நாலு தவணை. கட்டிய கோர்ட் ஃபீயும் திரும்பி வந்தது. ஆனால் அங்கே ஆன முடிவுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் தவணை தவறினால் என்ன என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த டிராக்டர்க்காரர் எழுதச் சொன்னார், மூன்றாம் தவணையில் அது உதவியது.

கடைசியாக, உங்கள் அசல் பத்திரங்கள். வழக்கு முடிந்து, அப்பீல் கெடுவும் கடந்த பிறகு, மனுப் போட்டு அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஏனோ முக்கால்வாசிப் பேர் வாங்குவதில்லை. ஜெயித்தவர் சந்தோஷத்தில் மறந்துவிடுவார், தோற்றவர் கோர்ட் பக்கமே வரமாட்டார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது நான் இருந்த கோர்ட்டின் பதிவறை ஓடு பறந்து மழை இறங்கியது. ஜனவரி முழுக்க வராண்டாவில் கயிறு கட்டி, கிரயப் பத்திரங்களையும் பாகப் பத்திரங்களையும் துணி காயப்போடுகிற மாதிரி காயவைத்தோம். மை ஊறி எழுத்து பரவியவை, ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. பெரும்பாலும் பல வருடம் முன்பே முடிந்துபோன வழக்குகளின் கட்டுகள்.

ஆயா மேல் போட்ட வழக்கு அதற்கெல்லாம் முன்பே தள்ளுபடியாகிவிட்டது. கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு போய் அளந்ததில், இரண்டடி ஆயாவின் பக்கமே இருந்தது. கெடு தாண்டும் வரை காத்திருந்து, நான் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டி, 1968-ல் எழுதிய தன் கிரயப் பத்திரத்தைக் கேட்டு வந்தது. பதிவேட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்தேன். எச்சில் தொட்டுப் பக்கத்தை எண்ணியது. ஐந்தும் இருந்தது. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கட்டுத் தைத்த ஊசி இடது ஓரத்தில் போட்டிருந்த இரண்டு ஓட்டையையும் காட்டி, "கொடுக்கும்போது இது இல்லியே தாயி" என்றது.